புள்ளி வைத்த எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'தொண்டைப் புற்றுநோய் பரவுவது மரபணுவில் எழுதிய தலையெழுத்து' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பெண்ணுக்கும் வருமோ?" என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்துத் துளை வழியே மூச்சு விடுகிறவன் நான். பதிலைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவதற்குள் காபி ஆறிவிட்டது, சம்பந்தமும்தான்.

தமிழாசிரியராக இருந்தவன், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்'. எழுத்து அதேதான், உள்ளிருந்த அகரம் அடங்கிவிடுகிறது. டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்கூறு ஏறுவதும் அப்படித்தான். ஈ-கேடெரின் என்ற புரதம் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கிறது. அதற்கான மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் குவிந்தால் மரபணு அடங்கிப்போகும். பிடி தளர்ந்த செல்கள் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குக் கிளம்பும். இது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் இது பிறப்பில் வந்த எழுத்தல்ல. 26 வருடம் நான் குடித்த பீடிக்கும் இதில் பங்குண்டு. என் தொண்டைச் செல்லில் விழுந்த புள்ளி என் மகளுக்குப் போகாது. புள்ளியை அழிக்கும் அசாசிடிடின் என்ற மருந்தை எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு அமெரிக்கா 2004-லேயே அனுமதித்துவிட்டது. தொண்டைக்கு இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, அதற்காகத் தலையெழுத்தா? தங்களுக்குத் தெரியாததல்ல.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் காட்டுங்கள் என்று கட்டுரையில் ஒரு சொல் உண்டா? எனக்கு நான்கு மாதம் இருமல் மருந்துதான் கிடைத்தது. கட்டுரையின் பின்பக்கத்திலோ பான் மசாலா கம்பெனியின் ஏலக்காய் விளம்பரம், முழு வண்ணத்தில். ஏலக்காய் விற்க அவ்வளவு பெரிய நடிகரா? புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை, விளம்பரப் பிரிவுக்கு மட்டும் எட்டவில்லை போலும்.

புள்ளி என்றதும் இன்னொன்று. தங்கள் இதழில் ஒற்று காணாமல் போவதைப் பற்றி மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றை வெளியிட்டீர்கள், நன்றி. அதிலும் ஒற்று இல்லை.

அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போதும். பிழையில்லாமல் போடுங்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்