ஸ்படிகமா கண்ணாடியா?

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றால், இனி மேசை மேல் இருப்பதெல்லாம் பீரோவுக்குள் போக வேண்டியதுதான். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காக இருந்ததா என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, அத்தையின் மாலை ஸ்படிகமா கண்ணாடியா என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். யாரோ சொன்னார்கள் என்று ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தவோ, கத்தியால் கீறவோ கிளம்பிவிடாதே. ஸ்படிகம் என்பது நிறமற்ற குவார்ட்ஸ். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் அதற்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை போல. ஸ்படிகம் கண்ணாடியைக் கீறும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடியைக் கீறும் கற்கள் வேறு எத்தனையோ உண்டு. போலிமணி தானே தேய்ந்து வெள்ளைக் கோடு விட்டாலும் கீறல் மாதிரியே தெரியும். சோதனை முடிந்தபோது மணியின் மெருகு போயிருக்கும், சந்தேகம் மட்டும் போயிருக்காது.

கன்னத்தில் வைத்து 'சில்லென்று இருக்கிறதா' என்று பார்ப்பதும் அரைகுறைச் சோதனைதான். ஸ்படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும், அதனால் கூடுதலாகக் குளிரும். ஆனால் கண்ணாடியும் குளிரத்தானே செய்கிறது? ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக்கை ஒதுக்க இது போதும், அதற்கு மேல் நம்பாதே.

அடுத்தது பூதக்கண்ணாடி. 10 மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிவிடு. மணிக்குள் உருண்டையான காற்றுக் குமிழியோ, பாகு கலக்கியது போன்ற சுழிக்கோடோ தெரிந்தால் அது கண்ணாடி. இயற்கைக் கல்லில் மெல்லிய திரைபோன்ற படலங்கள், விரல்ரேகை மாதிரி வரிசையாகப் படிந்த நுண்துளிகள், சில நேரம் ஊசி ஊசியாக வேறு தாதுக்கள் இருக்கும். எதுவுமே இல்லாமல் துல்லியமாக இருந்தால்? அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. நல்ல ஸ்படிகமும் துல்லியம்தான், நல்ல கண்ணாடியும் துல்லியம்தான்.

எனக்கு நம்பிக்கை உள்ளது எடைக்கணக்கில்தான். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் இத்தனை வருஷம் கழித்து வேலைக்கு வருகிறார் பார். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு வேண்டும். 1 கிராம் வீதம் காட்டுவது சரிப்படாது, ஏன் என்று இப்போது தெரியும். மாலையின் கொக்கி, உலோக முகப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மணிகளை மெல்லிய நைலான் நூலில் கோத்துக்கொள். முதலில் உலர்ந்த எடை. 53 கிராம் என்று வைத்துக்கொள். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கு. மணிகளை நூலில் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கு. முழுக்க மூழ்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. அப்போது தராசு காட்டும் எண்தான் மணிகள் ஒதுக்கிய நீரின் எடை. 53-ஐ அதால் வகுத்துப் பார். 20 காட்டினால் 2.65 வரும், ஸ்படிகத்தின் அடர்த்தி அதுதான். சாதாரணக் கண்ணாடி என்றால் 21-க்குச் சற்று மேலே நின்று, 2.5 கிட்ட வரும். அந்த ஒரு கிராம் சொச்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஈயம் கலந்த கண்ணாடி 3-ஐத் தாண்டும், பிளாஸ்டிக் 1.2 சுற்றி நிற்கும். துளைகளில் காற்று ஒட்டிக்கொண்டால் கணக்கு கெடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மாலையை லேசாக உலுக்கு.

எப்போதாவது கண்ணாடிக்கும் 2.65 அமைந்துவிடும். அதற்கு மருமகனின் போலராய்டு கூலிங்கிளாஸை இரவல் வாங்கு. லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துக் கூலிங்கிளாஸ் வழியே பார்த்தபடி, திரை கறுக்கும்வரை அதைச் சுழற்று. கறுக்கவே இல்லையென்றால் அந்தக் கூலிங்கிளாஸ் உதவாது. கறுத்தால் இடையில் மணியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பு. ஸ்படிகம் ஒளியை இரண்டாகப் பிரிப்பது. சில கோணங்களில் மணி வெளிச்சமாகும், நிறங்கூடக் காட்டும். கண்ணாடி பெரும்பாலும் இருட்டாகவே கிடக்கும், மிஞ்சினால் மங்கலான நிழல் ஓடும்.

நீ வாங்கிய செவ்வந்திக்கல் பிரேஸ்லெட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. செவ்வந்திக்கல்லும் ஊதா நிறக் குவார்ட்ஸ்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் உள்பக்கத்து மணி ஒன்றைத் துடை. ஊதா பஞ்சில் ஏறினால் சாயம். லென்ஸில் பார்க்கும்போது நிறம் விரிசல்களில் மட்டும் கெட்டியாகத் தேங்கியிருந்தாலும் அதே கதைதான். இயற்கையான ஊதா பெரும்பாலும் நேர்க்கோட்டுப் பட்டைகளாக, கோணம் கோணமாக ஏறியிறங்கும். கூடவே, 'செர்ரி குவார்ட்ஸ்', 'ஓபலைட்' என்று விற்பதெல்லாம் கண்ணாடிதான். மினுமினுக்கும் கோல்ட்ஸ்டோனும் செம்புத்துகள் மின்னும் கண்ணாடியே. அழகுக்கு வாங்கினால் தப்பில்லை, கல் விலை கொடுக்காதே.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இத்தனை செய்தாலும் தெரிவது 'இது குவார்ட்ஸ்' என்பதுதான். பூமியில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா என்பது தெரியாது. உயர் அழுத்தக் கலனில் வளர்க்கும் குவார்ட்ஸுக்கும் அதே கடினம், அதே அடர்த்தி, அதே ஒளி. அதைப் பிரிக்க ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் வேண்டும். பிரேஸ்லெட்டுக்கு அந்தச் செலவு வீண் என்பது என் அபிப்பிராயம்.

மாலை வேறு. அத்தையின் கல்யாணப் போட்டோவில் கழுத்தில் இருப்பது அதுதான் என்று எழுதியிருந்தாய். குவார்ட்ஸை வணிக அளவில் வளர்க்கத் தொடங்கியதே 1950களில்தான். கல்யாணம் அதற்கு முன்னால் என்றால், எடைக்கணக்கிலும் கூலிங்கிளாஸ் சோதனையிலும் தேறினாலே போதும், இயற்கைக் கல்தான். போட்டோவின் பின்பக்கம் தேதி இருக்கிறதா என்று முதலில் பார். பிறகு இரண்டு எடைகளையும் எழுதி அனுப்பு, வகுத்தலை நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தா