விகிதம் அப்புறம், முதலில் பேர் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நிலம் வைத்திருக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு எண்ணெய் ராயல்டி (எடுக்கும் எண்ணெயில் கம்பெனி நிலத்துக்காரருக்குத் தரும் பங்கு) நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்ற பேச்சு, நம் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் விகிதத்தோடு நின்றுவிடுகிறது. எட்டில் ஒன்று போதாது, ஐந்தில் ஒன்று கொடு என்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பணம் அதிகம் நழுவுவது வேறு இடத்தில். ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுகிறவர்களும் நிலம் அளக்கிறவர்களும் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் ஒரு வித்தியாசம். நம் நாட்டில் நிலத்தடி எண்ணெய்க்கான ராயல்டி அரசுக்குப் போகிறது. நிலத்துக்காரருக்கு மேல்மண்ணுக்கும் பயிருக்கும் உரிய ஈடு மட்டுமே. குழாய் பதித்தால் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதோடு சேதத்துக்கு உரியது. அமெரிக்காவில் தனியார் நிலத்தின் அடியில் உள்ள எண்ணெய் அந்த நிலத்துக்காரருடையது. மேல்நிலத்தை விற்று, அடியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளவும் முடியும். விற்பனைப் பத்திரத்தில் அதற்கென்று ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். பல குடும்பங்கள் அடிநிலத்தை இழந்தது அந்த ஒற்றை வரி இல்லாமல்தான்.

1910 வாக்கில் அங்கே கறுப்பின விவசாயிகள் கையில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. நீதிமன்றத்தையும் வக்கீலையும் நம்ப முடியாத காலம் அது. பலர் உயில் எழுதாமலே செத்துப்போனார்கள். நிலம் பாகம் பிரியாமல் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் இறங்கியது.

இனி கணக்கைப் பாருங்கள். தாத்தாவுக்கு 40 ஏக்கர், மக்கள் 4 பேர், ஒவ்வொருவருக்கும் 5 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேத்தியின் பங்கு 20-ல் 1, அதாவது 2 ஏக்கர். எண்ணெய்க் கிணற்றுக்காக ஒன்றுசேர்த்த மொத்த நிலம் 640 ஏக்கர், ராயல்டி 16-ல் 3. 2-ஐ 640-ஆல் வகுத்து 16-ல் 3-ஆல் பெருக்கினால் 0.00058594. கம்பெனி அனுப்பும் பங்கு ஒப்புதல் தாளில் அச்சாகியிருப்பது இந்த எண்தான். கிணறு மாதம் 10,000 பீப்பாய் தந்து, பீப்பாய் 70 டாலருக்குப் போனால், வரிக்கு முன் பேத்திக்கு 410 டாலர். ராயல்டி 8-ல் 1 என்றால் 273 டாலர். விகிதத்தால் வரும் நஷ்டம் 137. தாத்தாவுக்கு இன்னொரு தாரத்தில் ஒரு பிள்ளை உண்டு என்று யாராவது எழுதிவைத்துவிட்டால் பங்கு 25-ல் 1 ஆகி, கைக்கு 328 வரும். பேத்தியின் தாய் பேரே வாரிசுப் பட்டியலில் இல்லையென்றால் 410-ம் போச்சு.

டெக்சாஸ் சட்டப்படி, முதல் விற்பனை நடந்த மாதம் முடிந்து 120 நாளுக்குள் முதல் பணம் வர வேண்டும். ஆனால் உரிமையில் தகராறோ சந்தேகமோ இருந்தால் கம்பெனி வட்டியில்லாமல் நிறுத்திவைக்கலாம். கேட்பார் இல்லாமல் சில வருடம் கிடந்தால் அது மாநில அரசின் கணக்குக்குப் போய்விடும். இதற்கு அங்கே ஒரு வழி உண்டு: வாரிசுப் பிரமாணப் பத்திரம். சொத்தில் ஆதாயம் இல்லாத, குடும்பத்தை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட, அதைக் கவுண்டி (நம் மாவட்டம் போல) ஆபீசில் பதிய வேண்டும். பதிந்து 5 வருடம் ஆனால் நீதிமன்றம் அதை முதல்நிலைச் சான்றாக, அதாவது தப்பு என்று யாரும் நிரூபிக்கும்வரை சரியென்று, ஏற்கும். கல்யாணம், மறுமணம், தத்து, குழந்தையிலேயே இறந்தது எல்லாம் அதில் வர வேண்டும். ஒன்று விட்டாலும் பின்னம் மாறிவிடும்.

அடுத்தது பிடித்தம். குத்தகையில் 'கிணற்று வாயில் விலை' என்று எழுதியிருந்தால், எரிவாயுவைச் சேகரிப்பது, அழுத்துவது, கொண்டுபோவது, சுத்திகரிப்பது என எல்லாச் செலவிலும் ராயல்டிக்காரருக்குப் பங்கு விழும். 'பிடித்தம் கூடாது' என்று தனியாக ஒரு வரி இருந்தும், விலை கிணற்று வாயிலில்தான் என்பதால் அந்த வரிக்குப் பலனில்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொல்லிவிட்டது. விகிதத்தை ஏற்றி இந்தச் சொல்லை விட்டுவைத்தால் ஏற்றியதெல்லாம் இதில் கரைந்துவிடும். கம்பெனி காட்டும் பீப்பாய்க் கணக்கைச் சரிபார்க்க டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் உற்பத்திப் பதிவுகளை யாரும் பார்க்கலாம். பேரில்தான் ரயில், இன்று அதன் முக்கிய வேலை எண்ணெயும் எரிவாயுவும்.

நிலமே கைவிட்டுப் போவதற்கு இன்னொரு வாசலும் இருந்தது. நூறில் ஒரு பங்குள்ள தூரத்துப் பங்காளியிடம் வெளியாள் அதை வாங்கி, முழு நிலத்தையும் ஏலம் விடச் சொல்லி வழக்குப் போடுவார். ஏலத்தில் அவரே எடுப்பார். இதைத் தடுக்கும் மாதிரிச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்வது, 2010-ல்தான் வந்தது. மதிப்பீடு செய்து, மற்றப் பங்காளிகள் வாங்கிக்கொள்ள முன்வர 45 நாள் தருகிறது. டெக்சாஸ் அதை 2017-ல் ஏற்றது. நம்முடைய 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தில், விற்கக் கேட்பதற்கே பாதிப் பங்குக்குக் குறையாமல் வேண்டும். மற்றவர் மதிப்பு விலைக்கு வாங்கவும் உரிமை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று இதை ஒதுக்க முடியாது.

விகிதம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு ஓக்லஹோமாவின் கறுப்பினச் சிறுமி சாரா ரெக்டர் ஒரு சாட்சி. கிரீக் என்ற பழங்குடி இனத்தார் நிலத்தில் அந்தச் சிறுமிக்கு ஒதுக்கிய சுமார் 160 ஏக்கரில் 1913-ல் நாளுக்கு 2,500 பீப்பாய் பீறிட்டது. எட்டில் ஒன்று ராயல்டியாக நாளுக்குச் சுமார் 300 டாலர் வந்தது. ஆனால் பணத்தை நிர்வகித்தது ஒரு வெள்ளைக்காரப் பாதுகாவலர். அங்கே இப்படி எத்தனையோ பிள்ளைகளின் சொத்தைப் பாதுகாவலர்களே தின்றார்கள்.

நியாயம் என்று கேட்பவர்கள் நிறுத்திவைத்த பணத்தின் பட்டியலைக் கம்பெனி வெளியிடவும், உரிமை தெளிய வைக்கும் செலவை ராயல்டியில் பிடிக்காமல் கம்பெனியே ஏற்கவும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாலக்காட்டு எல்லையில் இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1976 டிசம்பர் 1 முதல் கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தை ஒரு மாநிலச் சட்டம் ஒழித்தது. (அதன் முக்கியப் பிரிவுகள் மத்தியச் சட்டத்தோடு முரண்படுகின்றன என்று 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.) அந்தச் சட்டப்படி அவரவர் பங்கு அவரவருக்கு, அமெரிக்கப் பங்காளிகளைப் போலவே. வாளையாருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், சட்டம் வேறு. இரண்டு பக்கமும் பூமி உள்ள குடும்பங்கள் ஒரே பாகப்பத்திரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். அதில்தான் வம்பு. 2013-ல் மலபார் ஜென்ம நிலங்கள் (முழு உரிமையாக வைத்திருந்த நிலங்கள்) பற்றிய வழக்கில், அடியில் உள்ள கனிமம் சாதாரணமாக நிலத்துக்காரருடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெட்ட அனுமதி வேண்டும் என்பது வேறு விஷயம். பழைய பாலக்காடு தாலுகா மலபார், சித்தூர் கொச்சி ராஜ்ஜியம். ஆகவே முன் ஆதாரத்தைப் பார்க்காமல் பேசக் கூடாது. கல்குவாரிக்குப் பூமி கொடுக்கும்போது அண்ணன் ஒருத்தர் கையெழுத்து மட்டும் போதாது. போக்குவரவு (பேர் மாற்றம்) முடிந்து தண்டப்பேரில் (வில்லேஜ் ஆபீசின் நில உரிமைக் கணக்கில்) எல்லாப் பங்காளிகளும் ஏறியிருக்க வேண்டும். உடன்படிக்கையில் 'லோடு' என்று எழுதாமல் 'டன்' என்று எழுதி, எடைமேடைச் சீட்டின் நகல் மாதாமாதம் தர வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆதாரம் எழுதுவோரும் ஓய்வுபெற்ற நில அளவையர்களும்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்