மூன்று நாள் வாய்ப்பூட்டு: தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2024 நவம்பரில் சூர்யாவின் 'கங்குவா' வெளியாகி விமர்சனங்களில் அடிவாங்கிய கையோடு, யூடியூப் சேனல்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விட வேண்டாம் என்று தியேட்டர் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டீர்கள். அடுத்த மாதமே நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று உத்தரவிடக் கேட்டது. இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு அடங்கியபாடில்லை. ஒரு பெரிய படம் கவிழ்ந்தால் போதும், அடுத்து நடக்கிற ஏதாவது ஒரு இசை வெளியீட்டு மேடையில் யாராவது மைக்கைப் பிடித்து அதே மூன்று நாளைக் கேட்கிறார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறவன். பார்த்த படத்தைப் பற்றி அன்றைக்கே நாலு பேரிடம் பேசி, ஒரு மார்க்கும் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். நீங்கள் வாயை மூடச் சொல்கிற கூட்டத்தில் நானும் இருக்கிறேன் என்பதால் இந்த மடல்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் காட்சி விடுகிற நேரத்தில் எந்தப் பெரிய தியேட்டர் வாசலிலும் நின்று பாருங்கள். "மொக்க சார், தலைவலி சார்" என்று கையை ஆட்டிக் கத்துகிற பையனைச் சுற்றி எல்லா மைக்கும் மொய்க்கும். பக்கத்தில் ஒரு அம்மா, "முதல் பாதி நல்லாவே இருந்துச்சுங்க, ரெண்டாவது பாதில அந்த ஆஸ்பத்திரி சீனைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். 'ஆஸ்பத்திரி' என்கிற வார்த்தை வருவதற்குள் அவர் முன்னால் நீட்டிய மைக் வேறு பக்கம் திரும்பியிருக்கும். நிதானமான பேச்சை யாரும் ஷேர் செய்வதில்லை. இன்னொரு பக்கம் இடைவேளையிலேயே எக்ஸ் தளத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. கிளைமாக்ஸில் யார் செத்தார் என்பதைத் தம்ப்நெயிலிலேயே போட்டு விடுகிறார்கள். நடிகையின் உடம்பைப் பற்றிப் பேசுவதை விமர்சனம் என்கிறார்கள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதில் சட்டத்தை மீறுகிற பகுதிக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தியேட்டருக்குள் ஓடுகிற படத்தை போனில் எடுத்தால், 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்குகிறது. அவதூறுக்குத் தனியே வழக்குப் போடலாம். வளாகம் தியேட்டர்காரருடையது, மைக் கூடாது என்று அவர் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு, படம் பார்த்தவன் எழுதவே கூடாது என்று ஏன் கேட்கிறீர்கள்?

சரி, அப்படி ஒரு உத்தரவு கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? 2023 பொங்கல் சமயத்தில் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் விடிவதற்கு முன் காட்சி கிடையாது. பெரிய படங்களுக்கே காலை 9 மணிக்குத்தான் திரை விலகுகிறது. கேரளாவிலும் கர்நாடகத்திலும் 6 மணிக்கோ அதற்கு முன்போ ஓட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் இருட்டோடு கிளம்பி, வாளையாறு தாண்டி, பாலக்காட்டில் பார்த்து முடித்து, திரும்பி வருகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்தே மொத்தக் கதையையும் அனுப்பிவிடுகிறார்கள். அப்போது கோவையில் முதல் காட்சிக்காரர்கள் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரியே பிரீமியர் காட்சி. அங்கே அந்தக் காட்சியைப் போட வைத்ததும் நீங்கள்தான். சென்னையில் வாங்குகிற உத்தரவு நியூஜெர்சியில் இருப்பவரின் வாயை எப்படி மூடும்?

கேரளாவிலும் இதே பேச்சு நடந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், முதல் 48 மணி நேரம் வீடியோ விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று 2024-ல் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகும் மலையாளப் படங்களுக்கு முதல் காட்சி முடிந்ததும் விமர்சனம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே நல்ல படமும் ஓடுகிறது, மோசமான படமும் படுக்கிறது.

மூன்று நாள் என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு. படத்தின் வசூலில் பெரும்பகுதி அந்த மூன்று நாளில் வந்துவிடுகிறது. திங்கட்கிழமை உண்மை தெரிந்தால் தெரியட்டும் என்பதுதான் கோரிக்கையின் சாரம். மல்டிபிளக்ஸில் ஒரு டிக்கெட் வரியோடு இருநூறை நெருங்குகிறது. செயலியில் எடுத்தால் அதற்கு ஒரு கட்டணம். நாலு பேர் குடும்பம், பார்க்கிங், ஆளுக்கொரு பாப்கார்ன் என்று போனால் இரண்டாயிரம் ரூபாய் சாதாரணமாகப் போய்விடும். சேலைக் கடையில் மடிப்பைப் பிரித்துக் காட்டாமல் யாரிடமாவது காசு வாங்க முடியுமா? படத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் ஏற்கெனவே பார்த்தவரைக் கேட்கிறோம்.

இன்னொன்று, இந்தத் தடை முதலில் அடிக்கப்போவது உங்களில் சின்னவர்களைத்தான். பெரிய நடிகரின் படத்துக்கு விமர்சனமே தேவையில்லை. முதல் மூன்று நாள் முன்பதிவிலேயே நிரம்பிவிடும். புதுமுகத்தை வைத்து, கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு வெள்ளிக்கிழமை காலை பாதி அரங்கு கூட நிரம்பாது. அந்தப் பாதி அரங்கு வெளியே வந்து பேசினால்தான் சனிக்கிழமைக் காட்சிகள் பிழைக்கும். பேசாவிட்டால் திங்கட்கிழமை அவர் படத்தைத் தூக்கிவிட்டு வேறு படம் போடுவார்கள். 2025 மே 1-ஆம் தேதி சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில்தான் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. வெளியீட்டுக்கு முன்பே சிறப்புக் காட்சிகள் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் ஊர் முழுக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருடம் 'லப்பர் பந்து' ஓடியதும் இப்படித்தான். மூன்று நாள் வாய்ப்பூட்டு போட்டிருந்தால் இந்த இரண்டு படங்களையும் யார் காப்பாற்றியிருப்பார்கள்?

இனி உங்களுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கிற மௌனத்தில் பாராட்டும் சேர்த்தியா? படம் வெளியாவதற்கு முதல் நாள் ராத்திரி, "இப்பதான் பார்த்தேன், வெறித்தனம், இன்டர்வல் பிளாக் மரண மாஸ்" என்று நெருப்புப் படங்களோடு பத்துப் பதினைந்து பேர் ஒரே வாசகத்தை ஒரே நேரத்தில் போடுகிறார்களே, அவர்களும் மூன்று நாள் சும்மா இருப்பார்களா? முதல் காட்சி முடிவதற்குள் 'பிளாக்பஸ்டர்' என்று போஸ்டர் அடிப்பீர்களே, அதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைப்பீர்களா? மாட்டீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். (வசூல் போஸ்டரைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். தென்கொரியாவில் நேற்று எந்தப் படத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதை அங்குள்ள திரைப்படக் கவுன்சிலின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஊரில் வசூலைத் தெரிந்துகொள்ள உங்கள் போஸ்டரை விட்டால், இணையத்தில் வசூல் கணக்குச் சொல்கிற 'டிராக்கர்'களின் ட்வீட்டுதான்.)

பணம் கேட்டு மிரட்டுகிறார்கள் என்று உங்களில் சிலர் மேடையில் சொல்கிறீர்கள். நம்புகிறேன். அது மிரட்டிப் பணம் பறிப்பது. போலீசில் புகார் கொடுக்க வேண்டிய குற்றம். ஆனால் நல்லதாக நாலு வார்த்தை எழுதப் பணம் கொடுக்கலாம் என்று ஒரு சந்தையை யார் ஆரம்பித்து வைத்தது? நல்லது எழுத விலை வைத்தபோதே மோசமாக எழுதாமலிருக்கவும் ஒரு விலை வந்துவிட்டது. இரண்டும் ஒரே கடையின் சரக்கு. முதல் சரக்கை வாங்கிக்கொண்டே இரண்டாவதைப் பற்றி நீதிமன்றத்தில் புகார் சொன்னால் எடுபடுமா?

காசு வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்கிறவர் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-லேயே விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் அதையே வலியுறுத்தியது. மீறினால் 10 லட்சம் வரை, திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. இணைய விமர்சனங்களை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரமே கொண்டுவந்தது. கட்டாயமில்லை, விரும்பியவர் பின்பற்றலாம். கத்திரிக்கோல், பிரஷர் குக்கர் விற்கிற தளத்துக்கெல்லாம் இது பொருந்தும்போது, சினிமா டிக்கெட் விற்கிற தளமும் இதைப் பின்பற்றட்டும் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். இதுவரை ஒரு 'வெறித்தனம்' ட்வீட்டின் கீழே 'விளம்பரம்' என்று நான் படித்ததில்லை.

மார்க் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தில் பாதி அந்த எண்களைப் பற்றியது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பத்துக்கு இத்தனை என்று போடுவோம். வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் இருக்கிறார். சண்டைப் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 7. அவரே 6 போட்டால் அந்தப் படத்தின் பக்கம் யாரும் போக மாட்டோம். என் அத்தை மகள் கைக்குழந்தையோடு போகிறவள். "சத்தம் ஜாஸ்தி, ஆனா பாப்பா ரெண்டாவது பாதி பூரா தூங்கிட்டா, 8" என்று போட்டிருந்தாள் ஒருமுறை. அந்த 8 குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தங்கமான தகவல், எனக்கு உதவாது. ஆளைத் தெரிந்தால் மார்க்கும் புரிந்துவிடுகிறது.

ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போட்ட காலத்தில் '16 வயதினிலே' வாங்கிய 62.5-தான் உச்சம் என்று இன்றைக்கும் பேசுகிறோம். வேறெங்கே 62 முதல் ரேங்க்? ஆனால் விகடனின் கை இறுக்கம் வாசகனுக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டினால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவான். எத்தனையோ வருடம் ஒரே அளவுகோலை வைத்து அளந்ததால் வந்த நம்பிக்கை அது. இப்போது 2.75, 3.25 என்று கால் நட்சத்திரம் வரைக்கும் நறுக்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் கால் எதற்காகக் குறைந்தது என்று கேட்டால் கொடுத்தவருக்கே பதில் தெரியாது என்பது என் சந்தேகம்.

முகம் தெரியாதவர்களின் எண்களுக்கு அந்த நம்பிக்கை வராது. யார் வேண்டுமானாலும் பத்துக்கு மார்க் போடக்கூடிய ஐஎம்டிபி தளத்தில் பெரிய நடிகரின் படம் வந்த அன்று பாருங்கள், ரசிகர் 10 போடுவார், எதிர் முகாம் 1 போடும், நடுவில் ஆளே இருக்காது. அந்தத் தளம் எல்லா ஓட்டுகளையும் ஒரே எடையில் கூட்டுவதில்லை. எந்த ஓட்டுக்கு எவ்வளவு எடை என்பதையும் வெளியே சொல்வதில்லை. விமர்சகர்களின் கருத்துகளைத் தொகுக்கிற ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று நினைக்கிறவர்கள் உங்கள் போஸ்டர் டிசைனர்களிலும் இருக்கிறார்கள். பத்து விமர்சகரில் ஒன்பது பேருக்குப் பரவாயில்லை என்று பட்டாலே 90 வந்துவிடும். ஆனால் அந்தத் தளத்தார் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். படம் வெளியாகும் முன்பே ஆட்கள் கும்பலாக வந்து 'பார்க்க ஆவல்' சதவீதத்தைக் கவிழ்த்தபோது, 2019-ல் வெளியீட்டுக்கு முந்தைய அந்தச் சதவீதத்தையே எடுத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கியது உறுதியான பார்வையாளரின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்ட ஆரம்பித்தார்கள்.

நம் டிக்கெட் செயலிகளிடமும் யார் எந்தக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தார் என்ற கணக்கு இருக்கிறது. டிக்கெட் எடுத்தவர், அதுவும் காட்சி முடிந்த பிறகுதான் மார்க் போட முடியும், அந்த எண்ணை மட்டும்தான் முகப்பில் காட்டுவோம் என்று அவர்களை எழுதிக் கொடுக்க வைக்க உங்களால் முடியும். உங்கள் படம் இல்லாமல் அவர்களுக்கு வியாபாரம் ஏது?

அப்புறம் பத்திரிகையாளர் காட்சி. செவ்வாய் அல்லது புதன்கிழமையே போடுங்கள். வியாழன் மாலை வரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹாலிவுட்டில் இதற்கு எம்பார்கோ என்று பெயர், இரு தரப்பும் பேசிச் செய்துகொள்கிற ஏற்பாடு. எந்த நீதிமன்றமும் தேவையில்லை. படம் பார்த்த மனிதருக்கு யோசிக்க ஒரு நாள் கிடைத்தால், இடைவேளை ட்வீட்டைவிட நல்ல எழுத்து வரும். எல்லோருக்கும் முன்பே தெளிவான விமர்சனம் இருந்தால், வாசலில் கத்துகிற பையனின் மதிப்பும் இறங்கிவிடும். படத்தின் மேல் நம்பிக்கை இல்லாதவர்தான் வெள்ளிக்கிழமை காலை வரை இழுத்தடிப்பார். அதைப் பார்த்தே நாங்களும் பாதி முடிவு செய்துவிடுகிறோம்.

அடுத்த மனுவை வழக்கறிஞரிடம் கொடுப்பதற்கு முன், உங்கள் உறுப்பினர்கள் கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்த யூடியூபருக்கும் டிராக்கருக்கும் புரொமோஷனுக்காக எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, சங்கத்தின் பெயரிலேயே வெளியிடுங்கள். யாரை அன்ஃபாலோ செய்வது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரசிகன்