எள், நிலக்கடலை ஏற்றுமதிக்கான அயல்நாட்டுத் தொழில்நுட்ப விதிகளை முன்கூட்டி அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தமிழ்ச் சிறு ஏற்றுமதி வியாபாரிகள், பயின்னாவ்ங் மொத்தச் சந்தை, ரங்கூன்.

பெறுநர்: இயக்குநர் நாயகம் அவர்கள், வர்த்தக அமைச்சு, நேப்பிடோ.

மதிப்பிற்குரிய ஐயா,

பயின்னாவ்ங் சந்தையில் எள், நிலக்கடலை, உளுந்து ஆகியவற்றைச் சிறு அளவில் திரட்டி ஏற்றுமதி செய்துவரும் நாங்கள் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். பர்மிய மொழிபெயர்ப்பும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

2017 ஆகஸ்ட்டில் இந்தியா துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்தபோது நாங்கள் நஷ்டப்பட்டோம். ஆயினும் நடந்தது என்னவென்று சந்தைக்கே உடனே தெரிந்துவிட்டது. பூச்சிமருந்து எச்ச வரம்பு போன்ற தொழில்நுட்ப விதிகள் அப்படி ஓசையோடு வருவதில்லை. எங்களில் ஒருவர் ஜப்பானுக்கு அனுப்பிய எள், பூச்சிமருந்து எச்சம் மிகுதி என்று துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட பிறகுதான், தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு அந்நாட்டில் 2006 மே முதல் 0.01 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.01 பங்கு) என்ற பொது வரம்பு இருப்பதை அவர் அறிந்தார். நூறு டன் எள்ளில் ஒரு கிராம் மருந்து என்று கணக்குப் போட்டால்தான் அதன் கடுமை விளங்கும். மாக்வேயில் எள் விதைக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கை யார் சொன்னார்கள்?

இவ்விதிகளை நாங்கள் எதிர்க்கவில்லை. உண்பவரின் உடல்நலம் பெரிது. எங்கள் குறை செலவைப் பற்றியது. ஒரு மாதிரியைச் சோதிக்கும் கட்டணம், சரக்கு இருநூறு மூட்டையானாலும் இரண்டாயிரம் மூட்டையானாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பெரிய நிறுவனம் எளிதில் தாங்கும் சுமை சிறு வியாபாரியின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான அஃப்ளாடாக்சின் (ஈரத்தில் வளரும் பூஞ்சையின் நச்சு) வரம்பால் ஆப்பிரிக்க நாடுகளின் தானிய, உலர்பழ, கொட்டை ஏற்றுமதி, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு இருந்தால் கிடைக்கக்கூடியதைவிட 64 சதவீதம், அதாவது 67 கோடி டாலர், குறையும் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 2001-ல் கணித்தனர். ஆனால் நிலக்கடலையை மட்டும் எடுத்துக்கொண்டு 2012-ல் வெளியான மற்றோர் ஆய்வு, அவ்விதியால் பெரும் பாதிப்பு நேர்ந்ததற்குச் சான்று காணாமல், உள்நாட்டு உற்பத்திக் குறைகளையே சுட்டியது. இரண்டாவது முடிவே எங்கள் அனுபவத்துக்கு நெருக்கமானது. அறுவடைக்குப் பின் ஈரம் உலராமல் மூட்டை கட்டுவதும், தகவல் தாமதமாவதும் நம் கையில் உள்ளவை.

நம் நாடு 1995 ஜனவரி முதல் உலக வர்த்தக நிறுவனத்தின் உறுப்பினர். சர்வதேசத் தரத்திலிருந்து மாறுபட்டு வர்த்தகத்தைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய புதிய தொழில்நுட்ப விதியின் வரைவை உறுப்பு நாடுகள் முன்னறிவிக்க வேண்டும். கருத்துக் கூறக் குறைந்தது 60 நாள் அவகாசம் தருமாறு அந்நிறுவனத்தின் குழுக்கள் பரிந்துரைத்துள்ளன. அந்த 60 நாளும் அலுவலகக் கோப்பிலேயே கழிந்துவிடாமல், எள், நிலக்கடலை, பயறு வகைகளைப் பற்றிய அறிவிப்புகளை எளிய பர்மிய மொழியில் சுருக்கி, வந்த ஒரு வாரத்துக்குள் சந்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறு வேண்டுகிறோம். தமிழாக்கத்தை நாங்களே செய்துகொள்கிறோம். மேலும், ஒரே ஊரில், ஒரே பருவத்தில் வாங்கிய சிறு சரக்குகளைச் சேர்த்து ஒரு கூட்டு மாதிரியாகச் சோதிக்க அனுமதித்து, கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்யவும், அடுத்த எள் அறுவடைக்கு முன் எங்கள் பிரதிநிதிகள் இருவரைச் சந்திக்க நேரம் ஒதுக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயின்னாவ்ங் சந்தைத் தமிழ் வியாபாரிகள்