சால்வைக்கு முன் கேஸ் கட்டைப் பார்க்கணும்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்பதைப் படித்து நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உங்கள் குடியிருப்போர் சங்கம் இலவசமாக வழக்கு நடத்தும் வக்கீல்களைக் கௌரவிக்கப் போகிறது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தாய். முதலில் தேதி. டிசம்பர் 3 வக்கீல்கள் தினம், ராஜேந்திர பிரசாத் பிறந்தநாள். அன்று வக்கீல் சங்கங்களிலேயே விழா இருக்கும், யாரும் உங்களிடம் வரமாட்டார்கள். நவம்பர் 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலவச சட்ட உதவிக்கு வழி செய்யும் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இல் நிறைவேறி, 1995-இல் அந்தத் தேதியில்தான் அமலுக்கு வந்தது.

அடுத்தது, யார் யார் என்று பிரித்துப் பார்ப்பது. அந்தச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனல் வக்கீலுக்கு, அதாவது அதன் பட்டியலில் உள்ளவருக்கு, ஆணைக்குழுவே கட்டணம் தரும். தொகை சிறியது, அதுவும் பில் போட்டபிறகுதான் வரும். ஆனால் கட்சிக்காரரிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது என்பது விதி. 2022-இல் வந்த திட்டப்படி கிரிமினல் வழக்குகளுக்கென்றே முழுநேரமாக அமர்த்தப்பட்ட சட்ட உதவி வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியே தனியாக வழக்கு எடுக்க முடியாது, மாதத் தொகை உண்டு. இவர்கள் இரண்டு பேரும் நல்ல வேலை செய்கிறவர்கள்தான். ஆனால் 'தன்னார்வம்' என்று மேடையில் சொல்லப்போகிறீர்கள் என்றால், எங்கிருந்தும் பணம் வராமல், டைப்பிங், ஜெராக்ஸ் செலவையும் தன் பையிலிருந்தே போடுகிறவர்தான் அதற்குச் சரியானவர். பார் கவுன்சில் விதி 46, கட்ட வசதியில்லாதவருக்கு இலவசமாக உதவுவது வக்கீலின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது. தண்டனை கிடையாது, கேட்பாரும் கிடையாது. அதனால்தான் செய்கிறவரைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

தேடுவது எப்படி? மேடைப் பேச்சை வைத்து முடிவு செய்யாதே. ஈகோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரையோ பார் பதிவு எண்ணையோ போட்டால் அவர் பெயரில் நிற்கும் வழக்குகள் வரும். பெயரில் தேடினால் இன்ஷியல் மாறி, பாதி விட்டுப்போகும். பதிவு எண்தான் நல்லது. எது இலவச வழக்கு என்று அதில் தெரியாது. அதற்கு நம்மூர் வக்கீல் குமாஸ்தாக்களைக் கேள், அவர்களுக்குத் தெரியாதது இல்லை. பிறகு அந்த வழக்கின் வாய்தா வரிசையைத் திறந்து பார். எடுப்பது சுலபம், கடைசிவரை இழுத்துக்கொண்டு போவதுதான் கஷ்டம்.

இலவச வழக்கு எங்கே சாகிறது தெரியுமா? வாதத்தில் இல்லை. சிவில் வழக்கில் சம்மன் "கதவு பூட்டியிருக்கிறது" என்று திரும்பி வரும். புது விலாசம் கொடுத்து மறுபடி பேட்டா, அதாவது சம்மன் அனுப்பும் கட்டணம், கட்டவேண்டும். கூலி வேலைக்குப் போகிற கட்சிக்காரர் பணம் கொண்டு வரவில்லை, வக்கீலும் கவனிக்கவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி. அதை மறுபடி எழுப்ப 30 நாள். பிரதிவாதி ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, ஆனாலும் அதே 30 நாள், தீர்ப்பு தேதியிலிருந்து. சம்மன் முறையாகச் சேராத கேஸில் மட்டும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து. இந்த நாட்களைத் தன் டைரியில் எழுதி வைத்து, ஒரு பைசா வராத வழக்குக்கும் காலை பத்தரைக்கு ஆஜராகிறவரைத்தான் நான் பாராட்டுவேன்.

இங்கே கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையை எடுத்துக்கொள். ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களுக்கு வெளியில் ஓட ஆள் வேண்டும். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது: உத்தரவு வந்து 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தரப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். காகிதத்தில் இப்படி. நடப்பில் யாராவது ஒருவர் அந்த உத்தரவின் நகலோடு நிபந்தனை தளர்த்தும் மனு போட்டால்தான் நகரும். விருத்தாசலம் பக்கத்து ஆளுக்கு அங்கிருந்து இரண்டு ஜாமீன்தாரர், ஆதார், வீட்டு வரி ரசீதோடு பஸ் ஏறி வரவேண்டும்; அந்த இரண்டு பேரின் ஒருநாள் கூலியை யார் தருவது? இதையும் ஏற்பாடு செய்யும் வக்கீல்கள் உண்டு. கிரிமினல் வழக்கு நடைமுறைக்கான புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 479-ஆம் பிரிவில், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்திருந்தால் ஜாமீனில் விடுவிக்க வழி இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. பட்டியல் எடுத்து நாள் கணக்குப் போட்டவர் யார் என்று விசாரி.

இப்போது விழா. ஃபிளெக்ஸ் பேனர் விஷயத்தில் ஜாக்கிரதை. பார் கவுன்சில் விதி 36, வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் தேடக்கூடாது, தான் நடத்திய வழக்குகளை ஒட்டித் தன் படத்தைப் பத்திரிகையில் போடவைக்கக்கூடாது என்கிறது. "இன்ன வழக்கில் வென்றவர்" என்று படத்தோடு அடித்தால் மாலை போட்டதும் நீங்களே, நோட்டீஸ் வாங்கித் தந்ததும் நீங்களே என்றாகிவிடும். பெயரும், செய்த சேவையும் மட்டும் அழைப்பிதழில் போதும்; அதையும் முன்கூட்டியே அவரிடம் காட்டிவிடு.

உதவி பெற்றவர்களை மேடையேற்றும் யோசனையையும் விட்டுவிடு. போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம் வெளியே வரக்கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொல்வதும் குற்றம். ஜீவனாம்ச வழக்கில் நிற்கும் பெண்ணை நாலு பேர் முன் அழ வைப்பதில் என்ன பெருமை?

நினைவுப்பரிசுக்கு ஒதுக்கிய தொகையைப் பற்றி என் யோசனை: கேடயம் வாங்காதீர்கள். பேட்டா, சான்றிட்ட நகல், டைப்பிங், ஜாமீன்தாரர் பஸ் கட்டணம் இவற்றுக்கென்று சின்ன நிதி வையுங்கள். ரசீதைக் காட்டினால் அதே வாரம் பணம் கிடைக்கவேண்டும். மாதக் கூட்டம், தீர்மானம் என்று இழுத்தால் யாரும் கேட்டு வரமாட்டார்கள். ஆணைக்குழு வழியாக வரும் வழக்குகளுக்கு இந்தச் செலவை அங்கேயே கேட்கலாம், அதற்கு இதைத் தொடவேண்டாம்.

இன்னொன்று. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கத்து ஆட்கள் கடலூர் கோர்ட்டில் வழக்கு வைத்துக்கொண்டு புதுச்சேரி ஆணையத்தில் மனு கொடுத்து அலைகிறார்கள். வழக்கு எங்கே இருக்கிறதோ அந்த ஊர் ஆணைக்குழுவில் கொடுக்கச் சொல். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வெள்ளம், புயல் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு, நம் கடற்கரைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. இலவச சட்ட உதவிக்கு அழைக்கும் 15100 என்ற எண்ணை அழைப்பிதழின் பின்பக்கம் பெரிதாக அச்சடியுங்கள்.

நீ பார்த்து வைத்திருக்கும் பெயர்களை அனுப்பு. கடலூர் கோர்ட்டில் ஆஜராகிறவர் யாராவது இருந்தால் நான் விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு
கடலூர்