கவிழ்த்து வைத்த கைப்பேசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மாணவர் பகுதியில், ‘கைப்பேசி வெறும் கருவி, சுயக்கட்டுப்பாடு இல்லாத பிள்ளைகளே அதற்கு அடிமையாகிறார்கள்’ என்றொரு வரி வந்திருந்தது. கட்டுரையாளர் வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இல்லை போலும், கொடுத்து வைத்தவர்.

என் மகளுக்கு வயது 15. போன வாரம் இருபடிச் சமன்பாடு ஒன்றைப் போட உட்கார்ந்தவள் சமக்குறி வரை எழுதியிருந்தாள். அப்போது, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. நாற்பது நிமிடம் கழித்து நான் போய்ப் பார்த்தபோதும் சமக்குறிக்கு அந்தப் பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. திட்டினேன், அழுதாள், மறுபடி நோட்டைத் திறந்தாள். சற்று நேரத்தில், எந்த ஒலியும் எழுப்பாத அதே கைப்பேசியை அவள் கை தானாகப் போய்ப் புரட்டியது. அதைக் கண்டு என்னைவிட அவள்தான் திடுக்கிட்டாள்.

கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை சொல்வதைத் தாங்கள் அறியாதவரல்ல. ஆசைக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சியடைய ஏறத்தாழ 25 வயதாகும் என்பதும் தங்களுக்குத் தெரிந்ததே. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் நீளும் திரையை 2006இல் வடிவமைத்த ஆசா ரஸ்கினே பிற்காலத்தில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். தங்கள் கட்டுரையாளருக்கோ என் மகள்மீதுதான் வருத்தம்.

இரவு ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ‘பிள்ளை கையில் போனைக் கொடுக்காதீர்கள்’ என்று பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்கே பாடம் நடத்துகிறது பள்ளி. அதைச் சொல்லப் போனால், அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கக் கைப்பேசி விளம்பரம் வெளியிட்ட தங்களையும் விட்டுவிட முடியாது. போதாக்குறைக்கு, சிறுவர் கணிதப் புதிரின் விடையைப் பார்க்கக் கைப்பேசியால் கியூஆர் குறியீட்டைப் படம்பிடிக்கச் சொல்கிறீர்கள். விடை பார்க்கப் போன மகள் ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை என்று இரண்டாண்டுக்கு முன்பே எழுதினேன். பதில் இல்லை; வேலைப்பளு இருந்திருக்கும்.

வரும் இதழிலிருந்தாவது அவ்விடைகளை முன்போலப் பக்கத்தின் கீழ் மூலையில், தலைகீழாக, பொடி எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாதென்றால் இக்கடிதத்திலேயே நான்கு வரிகளை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்