சோலார் அப்புறம், முதலில் ஃபேன்

சென்னை

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். என் வீட்டுக்காரி கொலுசே வாங்கிவிட்டாள்.

மூன்று கிலோவாட் சோலார் போடலாமா என்று கேட்டிருந்தாய். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் என்றால் உன் மகன் அவசரப்படத்தான் செய்வான். போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் வீட்டு ஃபேன்களை ஒருமுறை அண்ணாந்து பார். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாகத் தின்னும் புது வகை மோட்டார் உள்ளது) முழு வேகத்தில் ஓடினாலும் 30 வாட்டை ஒட்டித்தான். மதுரை வெயிலுக்கு ஹால் ஃபேன் தினம் பதினைந்து மணி நேரமாவது ஓடும். இரண்டு மாத பில்லில் அந்த ஒன்றிலேயே 40 யூனிட் குறையும். கோடையில் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்க இது பெரிய உதவி. தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமா விலை ஏறுகிறது? 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கும் சேர்த்தல்லவா ஏற்றிவிடுகிறார்கள்!

ஒன்று கவனி. பழைய ரெகுலேட்டரோடு இந்த பிஎல்டிசி ஃபேனை இணைக்கக் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்கச் சொல். வேகத்துக்கு ரிமோட் உண்டு. (எங்கள் வீட்டில் அதைத் தேடுவது தனி வேலை.) கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

அடுத்தது மொட்டை மாடி. உன் மாடி அறையில் ராத்திரி எட்டு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெயில் அப்போதுதான் உள்ளே இறங்குகிறது. ஏசி அதோடுதான் மல்லுக்கட்டுகிறது. விரிசலைப் பூசி, தரையை நன்றாகக் கழுவி, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடி. புழுதி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிடு. ஏசியை 18-இல் வைத்துவிட்டுக் குளிர்ந்ததும் அணைக்கிற பழக்கத்தையும் விடு. இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 24-இல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் போதும்.

போனிலேயே விளக்கு போடும் சமாச்சாரத்துக்கு இப்போதைக்குச் செலவு செய்யாதே. அந்த பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபைக்காகக் கொஞ்சம் கரண்ட் தின்னும்.

இதெல்லாம் முடிந்து ஒரு பில் வரட்டும், அப்புறம் கிலோவாட்டை முடிவு செய்யலாம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உனக்கு இரண்டு கிலோவாட்டே போதும் என்று நினைக்கிறேன். அதற்கும் 60,000 மானியம் உண்டு. போன வருஷ பில்களைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறோம். எங்களை மாடி அறையில்தான் படுக்க வைப்பாய் என்று தெரியும். அதற்குள் பெயின்ட் அடித்துவிடப்பா.

அன்புடன்,
ரவி